‘ஆம்’ என்னும் ஈறும் இளஞ்சிறார் கல்வியும்

தொடக்கப்பள்ளி வகுப்புகளில் அண்மைக் காலத்தே புகுந்த பயிற்சிகளுள் ஒன்று, ஒரு பக்கத்தை இரண்டு கட்டங்களாகப் பகுத்து, ஒன்றின் தலையில் ‘உண்மை’ என்றும் மற்றதன் தலையில் ‘கருத்து’ என்றும் எழுதி, கொடுக்கப்பட்ட தொடர்களை உரிய கட்டத்தில் இடுமாறு மாணவரைப் பணிப்பதாகும். ‘பசுவுக்கு நான்கு கால்கள் உண்டு’ என்பது ஒரு கட்டத்தில் விழும். ‘பசு அழகானது’ என்பது மற்றதில் விழும். ஆங்கில வாசிப்பு நூல்களிலிருந்து வந்த பயிற்சி இது. இதன் நோக்கத்தைக் குறைகூற எவரும் துணியார். ஆயினும் இது தமிழுக்குள் வந்து சேர்ந்த முறை ஆராய்தற்குரியது.

கண்டதையும், பிறர் சொல்லக் கேட்டதையும், தானாகக் கருதியதையும் வேறுபடுத்திச் சொல்லும் கருவிகள் தமிழ்மொழியின் அமைப்பிலேயே உள்ளன. பள்ளிக்கு வருமுன்னரே குழந்தை அவற்றைக் கையாளுகின்றது. பாடநூல் உரைநடையோ அவற்றை ஒவ்வொன்றாக உதிர்த்துவிடுகின்றது. உதிர்த்த பின்னர், வேறொரு மொழியின் பட்டியலைக் கொண்டு அதே வேறுபாட்டைப் புதிதாகக் கற்பிக்க முற்படுகின்றது. இதனை நிறுவுதற்குச் சவ்வாது மலையை ஆய்வுக் களமாகக் கொள்வோம். அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழே பேசுபவர். ஆதலின் பாடநூலின் மொழிக்கும் மாணவரின் மொழிக்கும் இடையிலுள்ள தொலைவு, மொழி வேற்றுமையால் வந்ததன்று, நடை வேற்றுமையால் வந்ததென்பது அங்கே தெளிவாகப் புலப்படும். மேலும், செய்தி எது, கருத்து எது என்ற வினா அம்மக்களின் வாழ்விலும் அடிவாரத்து ஊர்களிலும் உயிர்ச்சேதத்தோடு பிணைந்து எழுந்திருக்கின்றது. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதற்கண் கலைச்சொல்லை நோக்குவோம். ஆங்கிலத்தில் இவ்விணையின் முதற்சொல், சரிபார்த்தற்கு இடந்தரும் கூற்றைக் குறிப்பது. அதனை ‘உண்மை’ என மொழிபெயர்த்த அளவிலே இடர்ப்பாடு தொடங்கிவிட்டது. தமிழில் உண்மைக்கு மறுதலை பொய். ‘உண்மை’ என்ற கட்டத்தில் இடப்பெறாதது யாதாயினும் அது பொய்யின் பக்கம் சாய்வதாகவே ஆறு வயதுக் குழந்தைக்குத் தோன்றும். ‘என் அம்மா நல்லவர்’ என்ற தொடரைக் கருத்துக் கட்டத்தில் இடச் சொன்னால் குழந்தை வருந்துவது இதனாலேயே. இனி, ‘பசுவுக்கு ஆறு கால்கள் உண்டு’ என்ற தொடரை எங்கே இடுவது? அது கருத்தன்று, உண்மையுமன்று. சரிபார்த்தற்கு இடந்தரும் கூற்று, சரிபார்த்தபின் தவறெனத் தெரிகின்றது, அவ்வளவே. இரு கட்டங்களுள் எதிலும் அதற்கு இடமில்லை. வதந்தி என்பது பெரும்பாலும் இத்தகைய கூற்றாகவே இருத்தலின், பயிற்சி எதனைத் தடுக்க எழுந்ததோ அதற்கே இடமில்லாமற் போயிற்று.

தமிழ் மரபில் உண்மை, வாய்மை, மெய்ம்மை என்னும் மூன்று சொற்கள் உள்ளன. உள்ளம், வாய், மெய் என்பவற்றோடு அவற்றைப் பொருத்திக் காட்டும் விளக்கம் மேடைகளில் பெருவழக்கு. (அவ்விளக்கம் சொற்பிறப்பியல் முடிபா, இனிய கருத்தா என்பதையே மேல்வகுப்பு மாணவர்க்கு ஒரு பயிற்சியாகத் தரலாம்.) திருக்குறளில் வாய்மை என்பது தீமை பயவாத சொல்லாக, அறத்தின்பாற்பட்டு இலக்கணம் பெறுகின்றது. நிகழ்ந்தது நிகழ்ந்தவாறு கூறல் என்னும் பொருளோடு அது முற்றும் ஒன்றுவதில்லை. இத்துணை அறச்சுமை தாங்கிய சொற்குடும்பத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்து, பசுவின் கால்களை எண்ணும் பணிக்கு அனுப்புதல் பொருந்தாது. ‘செய்தி’ என்ற எளிய சொல்லே இதற்குச் சாலும். செய்தி மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம், விசாரித்து அறியலாம். இது குழந்தைக்கும் தெரிந்ததே. ஆதலின் இக்கட்டுரையில் ‘செய்தி’, ‘கருத்து’ என்றே வழங்குவோம்.

இனி, மொழியின் கருவிகள். ‘அவன் வந்தான்’ என்பதற்கும் ‘அவன் வந்தானாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தைக்கு எவரும் கற்பிப்பதில்லை. பாட்டி சொல்லும் கதை ‘ஓர் ஊரில் ஓர் அரசன் இருந்தானாம்’ என்று தொடங்கும்போதே, இது பாட்டி கண்டதன்று, பாட்டிக்கு எவரோ சொன்னது என்பது ஓரீற்றால் உணர்த்தப்பட்டுவிடுகின்றது. துருக்கி மொழியில் இறந்தகால வினையே கண்டதற்கு ஒரு வடிவும், கேட்டும் உய்த்தும் அறிந்ததற்கு வேறொரு வடிவும் கொள்ளும். அம்மொழிக் குழந்தைகள் அவ்வேறுபாட்டை எவ்வாறு பெறுகின்றனர் என்பதை மொழியியலார் தனித் துறையாகவே ஆராய்ந்துள்ளனர். நம்மிடம் ‘ஆம்’ அவ்வாறு கட்டாயமன்று; எனினும் பேச்சில் அது வாராத நாளில்லை.

‘ஆம்’ மட்டுமன்று. ஐயத்திற்கு ஓகாரம் உண்டு. தேற்றத்திற்கு ஏகாரம் உண்டு. ‘போலும்’ என்பது உண்டு. தொல்காப்பியம் ‘கொல்’ என்னும் இடைச்சொல்லுக்கு ஐயத்தையே பொருளாகக் கூறும். கிளவியாக்கத்தில், ஐயமுற்ற பொருளை எவ்வாறு சொல்லுதல் வேண்டும் என்பதற்கே விதி வகுக்கப்பட்டுள்ளது. மாலைப்பொழுதில் தொலைவில் தோன்றும் உருவம் நட்ட கட்டையா, ஆள்மகனா என்னும் உரையாசிரியர் காட்டு அனைவரும் அறிந்ததே. தெளியாத ஒன்றைத் தெளிந்ததுபோலக் கூறுதலை ஒழுக்கக் கேடாக மட்டுமன்றி வழுவாகவும் கருதிய இலக்கணம் நம்முடையது. தொல்காப்பியர் தாமும் முன்னோர் கூறியதைக் கூறுங்கால் ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார் புலவர்’ என்று குறித்தே செல்வர். அவை அடிநிரப்ப வந்த அசைகள் என்று கொள்வாரும் உளர். அசையாயினும் ஆகுக, அவற்றை நீக்கிப் படித்தால் நூலின் குரலே மாறிவிடுகின்றது என்பதை மறுத்தல் இயலாது.

அளவை நூல்களும் இதற்குத் துணை. மணிமேகலையின் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் பத்து அளவைகள் எண்ணப்படுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், பலர் பலவாறு விரித்த அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குவர். கண்டேன், கருதினேன், சொல்லக் கேட்டேன் என்று இவற்றை வழக்குத் தமிழிற் சொன்னால் மூன்றாம் வகுப்பு மாணவனுக்கு விளங்காத பகுதி ஒன்றுமில்லை. மணிமேகலை அளவைகளைக் கூறுவதோடு அமையாது, அளவைபோலத் தோன்றி ஏமாற்றுவனவற்றையும் கூறும். அவற்றுள் ‘திரியக் கோடல்’ என்பது ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது. ‘தேராது தெளிதல்’ என்பது ஆராயாமல் உறுதி கொள்வது. வதந்திக்கு இதனினும் செறிந்த பெயர் வேறு மொழியில் உண்டோ என்பது ஐயமே.

இவ்வளவும் உடைய மொழியில் எழுதப்படும் பாடநூல் உரைநடை எவ்வாறு அமைகின்றது? ‘ஆகும்’, ‘உள்ளது’, ‘எனப்படும்’, ‘விளங்குகிறது’ என்னும் நான்கு முடிபுகளுள் ஏறத்தாழ அனைத்தும் அடங்கிவிடும். ஆற்றின் நீளமும் ‘ஆகும்’. மன்னனின் கொடைச் சிறப்பும் ‘ஆகும்’. ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் காரணமும் ‘ஆகும்’. எழுத்து வழக்குக்குப் பொருந்தாத பேச்சு ஈறென்று ‘ஆம்’ விலக்கப்படுகின்றது. ‘என்ப’ வழக்கொழிந்தது. ‘என்று கூறுவர்’ என்பதேனும் இடம்பெறலாம். அது தொடரை நீட்டுகின்றதென்று பதிப்பிப்போர் வெட்டிவிடுகின்றனர். எஞ்சுவது, யார் சொன்னார், எப்படித் தெரியும் என்ற சுவடே இல்லாத ஒருமட்ட நடை. அந்நடையைப் படித்து வளரும் மாணவன், அச்சில் வந்த அனைத்தையும் ஒரே உறுதியோடு ஏற்கப் பழகுகின்றான். பின்னர் ஒரு பக்கத்தில் இரு கட்டம் வரைந்து அவனைப் பிரிக்கச் சொல்கின்றோம்.

மலையைப் பற்றிய எழுத்துகளில் இந்நடையின் விளைவு மிகுதி. ‘மலைவாழ் மக்கள் கள்ளங்கபடம் அறியாதவர்கள்’, ‘இயற்கையோடு இயைந்து எளிய வாழ்வு வாழ்பவர்கள்’ என்பன போன்ற தொடர்கள் பள்ளிக் கட்டுரைகளில் மலிந்து கிடக்கின்றன. இவை புகழ்மொழிகள், ஆதலின் இவை கருத்து என்பதே எழுதுவோர்க்குத் தோன்றுவதில்லை. சவ்வாது மலையிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் இருந்து இத்தொடரைப் படிக்கும் குழந்தையின் நிலையை எண்ணுக. சாமை விளையும் நிலத்தையும், அதற்காகப் பட்ட கடனையும், எல்லைத் தகராற்றையும், தமக்கையின் திருமணப் பேச்சையும் கண்டு வந்த குழந்தை அது. தான் கண்டதும் பாடநூல் கூறுவதும் முரணும்போது எதனைச் செய்தி என்று கொள்வது? பாடநூலையே கொள்ளும்; ஏனெனில் தேர்வு பாடநூலிலிருந்து வருகின்றது. தன் கண்ணைத் தானே ஐயுறக் கற்றதே அப்பாடத்தின் பயனாக எஞ்சும்.

இனி, அம்மலை மக்களின் வரலாறாக வழங்கும் ஒரு கதையை விரிவாக ஆராய்வோம். எட்கர் தர்சுடன் 1909ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலில், மலையாளிகளைப் பற்றிய பகுதியில் அக்கதை உள்ளது. அதன் சுருக்கம் வருமாறு: சக ஆண்டு 1055இல், காஞ்சிபுரத்து வேளாளரிடம் கங்குந்தி வேடர் பெண் கேட்டனர். வேளாளர் இகழ்ந்து மறுத்தனர். வேடர் ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு வேளாளர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் தனியே திரும்பி வந்தால் தாம் இறந்ததாகக் கொண்டு ஈமக்கடன் செய்துவிடுக என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆற்றைக் கடக்கும் வழியில் நாய்கள் பிரிந்து வீடு திரும்பின. மனைவியர் கைம்மைக் கடன்களைச் செய்து முடித்தனர். வேடரை வென்று திரும்பிய எழுவரும், தம் ஊரில் தாம் இறந்தவராகிவிட்டதைக் கண்டனர், குலத்தார் ஏற்கவில்லை. அவர்கள் வேட மகளிரை மணந்து சவ்வாது மலையேறினர்.

இக்கதையை இரு கட்டப் பயிற்சியில் எங்கே இடுவது? முழுவதையும் ‘உண்மை’ எனின் வரலாற்றாசிரியர் ஒப்பார். ‘கருத்து’ எனின் கதையே நகைக்கும். கருத்துக்கு நாயும் வெள்ளமும் எதற்கு? கல்வெட்டுச் சான்று தேடுவோர்க்கு இதில் கவர்ச்சியானது அந்த ஆண்டெண். சக ஆண்டு 1055 என்பது கி.பி. 1132-33, சோழர் காலம். எண் ஒன்று வந்த அளவிலே கதை செய்தியின் உடையை அணிந்துகொள்கின்றது. ஏழு கன்னியர், எழுவர், ஏழு நாய் என்பன கதையின் எண்கள் என்பதை எவரும் உணர்வர். 1055 என்பதும் அவ்வாறே கதையின் எண்ணாக இருத்தல் கூடும் என்பதை உணர்வார் சிலரே. குழந்தைகளுக்குக் கற்பிக்கத்தக்க நுட்பம் இது: எண் இருப்பதனால் ஒரு கூற்று செய்தியாகிவிடாது. எண்ணைச் சொன்னவர் யார், அவர்க்கு எப்படித் தெரியும் என்றே கேட்டல் வேண்டும்.

அதனினும் நயமான பகுதி கதையின் நடுவே உள்ளது. மனைவியர் கண்டது என்ன? நாய்கள் திரும்பி வந்ததைக் கண்டனர். கேட்டது என்ன? ‘நாய் தனியே வந்தால் நாங்கள் இறந்தோம்’ என்ற உரையைக் கேட்டனர். கருதியது என்ன? கணவர் இறந்தனர் என்று கருதினர். காண்டல் பிழையன்று, நாய்கள் வந்ததே மெய். உரையும் பிழையன்று, அவ்வாறே சொல்லிச் சென்றனர். கருதல் மட்டும் பிழைத்தது. அதன்மேற் செயல் முடிந்துபோயிற்று. பிழையெனத் தெரிந்தபின்னும் செய்த சடங்கை மீட்க வழியில்லாமையால் ஒரு குலமே மலையேறியதாகக் கதை முடிகின்றது. செய்தியையும் ஊகத்தையும் கலந்ததால் நேர்ந்த கேட்டினை இதனினும் கூர்மையாக உணர்த்தும் பாடம் எந்தக் கல்வித்துறையும் வகுத்ததில்லை. மலைப்பள்ளி மாணவனுக்கு இது அவன் முன்னோரைப் பற்றிய கதை. வெளியார் எழுதிய வடிவில் நூலேறியது. அதனை ‘என்ப’ என்னும் ஈற்றோடு அவனிடம் திருப்பித் தரலாமன்றோ?

குடிப்பெயரைக் குறித்தும் இவ்வாறே. மலையாளி என்ற பெயரைக் கேட்ட வெளியூரார் பலர், இவர்கள் கேரளத்திலிருந்து வந்தவர்கள் எனக் கருதிவிடுகின்றனர். பெயரொப்புமை காண்டல், கேரளம் என்பது கருதல். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்னும் பொருள் கண்முன் நிற்கவும் அது நோக்கப்படுவதில்லை.

மலையை விட்டு அடிவாரத்திற்கு வருவோம். போளூரை அடுத்த அத்திமூர் சவ்வாது மலையின் கீழ்ப்புறத்து ஊர். 2018ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், குலதெய்வக் கோயிலை நாடிச் சென்னையிலிருந்து காரில் வந்த ஐவர் அவ்வூர்ப் பகுதியில் வழி கேட்கும் பொருட்டு நின்றனர். அவர்களுள் மூதாட்டி ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்துவோர் உலவுவதாக வாட்ஸ்அப் வழியே பரவியிருந்த வதந்தியால் அச்சமுற்றிருந்த மக்கள் அவர்களைத் தாக்கினர். அம்மூதாட்டி இறந்தார், ஏனையோர் காயமுற்றனர். காவல்துறையினர் பலரைக் கைது செய்தனர். அவ்வாண்டில் இந்தியாவின் பல பகுதிகளில் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தன. உச்சநீதிமன்றம் சூலைத் திங்களில் கும்பற் கொலையைத் தடுக்க அரசுகளுக்கு நெறிமுறைகள் வகுத்தது. கேரளத்துக் கண்ணூர் மாவட்டத்தில், பொய்ச்செய்தியை அறிந்து விலக்கும் வகுப்புகள் அதே ஆண்டில் அரசுப் பள்ளிகளில் நடத்தப்பெற்றன.

அத்திமூர் நிகழ்ச்சியை மூன்றளவையால் பகுத்து நோக்குக. அயலூர் மூதாட்டி குழந்தைக்கு இனிப்புக் கொடுத்தது காண்டல். கடத்துவோர் வந்திருக்கின்றனர் என்பது உரை. அதுவும் சொன்னவர் யாரென்று தெரியாத உரை. ஆகவே இவர் கடத்துவோர் என்பது கருதல். அன்பினால் செய்த ஒரு செயல், கேட்ட உரையின் நிழல் வீழ்ந்தவுடன் குற்றத்தின் அடையாளமாகத் திரிந்துவிட்டது. திரியக் கோடலும் தேராது தெளிதலும் ஒருங்கே நிகழ்ந்த இடம் இது.

வதந்தியின் இலக்கணத்தைச் சற்றே கருதினால், அது தோன்றும்போது ‘ஆம்’ ஈற்றோடுதான் தோன்றுகின்றது என்பது விளங்கும். ‘பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்களாம்’ என்று முதல்வர் சொல்வர். இரண்டாமவரோ மூன்றாமவரோ ‘வந்திருக்கிறார்கள்’ என்பர். ஈறு உதிர்ந்த அக்கணமே கேள்விச்செய்தி காட்சிச் செய்தியாகிவிடுகின்றது. பேச்சில் உதிர்வதற்குச் சில வாய்களேனும் வேண்டும். எழுத்தில், அதிலும் கைப்பேசியின் எச்சரிக்கை நடையில், தொடக்கத்திலேயே அது இராது; ‘ஆகும்’, ‘உள்ளனர்’ என்னும் பாடநூல் முடிபுகளையே அது மேற்கொள்ளும். பாடநூலும் வதந்தியும் ஒரே வினைமுற்றுகளால் இயங்குகின்றன என்பது கசப்பான முடிபாயினும் கூறாமல் விடத்தக்கதன்று.

இங்கு ஒரு தடை எழுதற்கு இடமுண்டு. ‘ஆம்’ என்பது சொல்வோன் தான் காணவில்லை என்பதை மட்டும் உணர்த்துமேயன்றி, கேட்ட செய்தி நம்பத்தக்கதா என்பதை உணர்த்தாது. மருத்துவர் சொன்னதும் ‘ஆம்’. மந்தையிற் கேட்டதும் ‘ஆம்’. அன்றியும், ‘பெரிய அறிஞராம்!’ என இகழ்ச்சிக் குறிப்பாகவும் அது வரும். ஆதலின் ‘ஆம்’ வந்த தொடரெல்லாம் பொய் என்று குழந்தை முடிவு செய்துவிடலாகாதா? தடை நன்றே. ஆனால் ‘ஆம்’ முடிவன்று, வினாவின் தொடக்கம் என்பதே நம் கருத்து. அவ்வீறு கேட்டவுடன் ‘யார் சொன்னார்? அவர் கண்டாரா?’ என்ற வினா எழுதல் வேண்டும். நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பகுத்து, அறியாமையால் எழுவதும் ஐயத்தால் எழுவதும் வேறு வேறு என்று காட்டும். நம் வகுப்பறைகளில் இவ்விரண்டும் மாணவனுக்கு உரியவாதல் அரிது. விடை தெரிந்த ஆசிரியர் கேட்கும் அறிவினாவே ஆட்சி செய்கின்றது.

கருதல் என்பதைப் பிழையோடு மட்டும் பிணைத்தலும் ஆகாது. இதற்கு எடுத்துக்காட்டு அதே மலையில் உண்டு. ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் 1968 முதல் வான்நோக்குப் பணி நடைபெற்று வருகின்றது. இன்று வைணு பாப்பு பெயர் தாங்கும் 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986இல் அங்கு நாட்டுக்கு உரிமையாக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1977ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், யுரேனசுக் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்ச்சியைப் பட்டாசார்யாவும் குப்புசாமியும் அங்கிருந்து ஒரு மீட்டர்த் தொலைநோக்கியால் நோக்கினர். கோள் மறைக்குமுன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. அது காண்டல். யுரேனசுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று உளது போலும் என்பது அவர்கள் முதலிற் கொண்ட கருதல். ‘நேச்சர்’ இதழில் அவ்வாறே வெளியிட்டனர். அதே நிகழ்ச்சியை வானூர்தியிலிருந்து நோக்கிய அமெரிக்கக் குழுவினரின் குறிப்புகளோடு ஒப்பிட்டபின், ஒளியை மறைத்தது கோளைச் சூழ்ந்த வளையம் எனத் தெளிந்தது. கருதல் மாறியது, காண்டல் மாறவில்லை. மங்கிய ஒளியை மங்கியவாறே குறித்து வைத்ததனால்தான் பின்னர் வளையம் என்று திருத்த முடிந்தது. செய்தியைக் கருத்திலிருந்து பிரித்து வைப்பதன் பயனை இம்மலையில் வளரும் குழந்தைக்கு விளக்க வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. ஆசிரியர் சுட்டிக்காட்டும் தொலைவிலேயே அது நிகழ்ந்தது.

அத்தகைய நோக்கைக் குழந்தைகள் தாமே செய்யவும் கூடும். ‘ஞாயிறு கிழக்கே தோன்றும்’ என்பது எல்லார்க்கும் மனப்பாடம். பள்ளத்தாக்கில் உள்ள பள்ளி ஒன்றில், ஞாயிறு எந்த முகட்டின் மேல், எந்த மரத்தின் அருகே தோன்றுகின்றது என்பதை மாதம் ஒருமுறை குறித்துவரச் செய்க. ஆனியில் வடக்கே ஒதுங்கியும் மார்கழியில் தெற்கே ஒதுங்கியும் அது தோன்றக் காண்பர். பாடநூல் பொய்யன்று; ஆனால் கண் கண்டது அதனினும் நுட்பமானது. இவ்வாறு ஒருமுறை கண்டவர் அடுத்த பாடத்தில் ‘எப்படித் தெரியும்?’ என்று கேளாதிரார்.

மேல்வகுப்பினர்க்கு இன்னொன்று கூற வேண்டும். சொல்லுதற்கு அரிதாயினும் சொல்லத்தக்கது. 2015ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் இருபதின்மர் காவற்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் சவ்வாது மலைப்பகுதியினரும் இருந்தனர். ‘செம்மரக் கடத்தல்காரர் இருபதின்மர் சுட்டுக் கொலை’ என்று ஒரு தலைப்பு அமையுமாயின், அதில் செய்தி எவ்வளவு, கருத்து எவ்வளவு? எண் செய்தி, கொல்லப்பட்டமை செய்தி. ‘கடத்தல்காரர்’ என்பதோ எந்த நீதிமன்றமும் விசாரித்து முடிவு கூறாத குற்றச்சாட்டு. அது பெயர்ச்சொல்லின் உருவில் தொடருக்குள் அமர்ந்திருக்கின்றது. தொடர் முழுவதையும் தூக்கி ஒரு கட்டத்தில் இடப் பழகிய மாணவன் இதனைக் காணமாட்டான். சொல்சொல்லாகப் பிரித்து நோக்கும் நம் பழைய உரைமரபில் பயின்றவன் காண்பான்.

அயல்நாட்டார் பயிற்சியும் குறையின்றி நடந்துவிடவில்லை. 2018ஆம் ஆண்டுப் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டில், வெளிப்படையாகக் குறிக்கப்படாத இடத்தும் செய்தியையும் கருத்தையும் பிரித்தறிய வல்லவராகப் பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் பதினைந்து வயதினருள் பத்தில் ஒருவர்கூட இல்லை என்று அறிக்கை கூறிற்று. அச்சுற்றில் இந்தியா பங்குகொள்ளவில்லை. இன்னொரு குறை அடிப்படையானது. அமெரிக்க மெய்யியற் பேராசிரியர் சசுடின் மெக்பிரேயர், தம் மகன் படித்த தொடக்க வகுப்பின் சுவரில் இவ்விரு பகுப்பைக் கண்டு, 2015இல் ஒரு நாளிதழ்க் கட்டுரை எழுதினார். ஏமாற்றுதல் தவறு என்பது நிறுவத்தக்க செய்தியன்று, ஆகவே கருத்து, கருத்து ஆளுக்காள் மாறும், ஆகவே அறமும் ஆளுக்காள் மாறும் என்று குழந்தை முடிவு செய்துவிடும் என்பது அவர் அச்சம். இவ்வச்சம் தமிழாசிரியர்க்கு மிக எளிதில் விளங்கும். நாம் அகரவரிசையையே அறத்தோடு சேர்த்துக் கற்பிப்பவர். ‘களவு தீது’ என்பதைக் ‘கத்தரிக்காய் சுவையற்றது’ என்பதன் அருகே ஒரே கட்டத்தில் இடுதல் நம் கல்வி மரபிற்கு முற்றிலும் ஒவ்வாது. அறக்கூற்றைச் செய்தியென்றோ கருத்தென்றோ முத்திரையிடாமல், ‘ஏன்?’ என்று காரணம் கேட்கும் தனி வகையாக வைத்தலே நேரிது.

நடைமுறையில் செய்தற்குரியவை அதிகமில்லை. முதலிரு வகுப்புகளின் கதைப்பாடங்களில் ‘ஆம்’ ஈற்றை அச்சிலும் வைத்துக்கொள்ளலாம். பேச்சு வழக்கென்று வெட்ட வேண்டுவதில்லை. மூன்றாம் வகுப்பு முதல் ‘என்பர்’, ‘எனத் தோன்றுகின்றது’, ‘போலும்’ என்பவற்றைப் பொருளறிந்து ஆளப் பழக்கலாம். தமிழக மலைப்பகுதிகளில் பெருங்கற்காலக் கல்திட்டைகளைக் குள்ளர் வாழ்ந்த வீடுகள் என்றும் பாண்டவர் வீடுகள் என்றும் சொல்லும் வழக்குண்டு. சவ்வாது மலையிலும் அத்தகைய கல்திட்டைகள் உள்ளன. குழந்தைகளை அங்கு அழைத்துச் சென்று, கல்லை அளந்து எழுதுக, ஊர் முதியோர் சொல்வதைக் கேட்டு எழுதுக, இது எதற்காக எழுப்பப்பட்டிருக்கும் எனத் தாம் நினைப்பதை எழுதுக என்று மூன்று பத்திகள் எழுதச் செய்யலாம். முதற்பத்தியின் வினைமுற்று ஒருவகை. இரண்டாவதன் ஈறு வேறு. மூன்றாவதன் ஈறு வேறு. ஈமச்சின்னம் என்னும் தொல்லியலார் முடிபை அதன் பின்னரே கூறுக. அதுவும் ‘என்பர்’ என்றே கூறுக. அவர்கள் அகழ்ந்து கண்ட எலும்பையும் பானையையும் காட்டி, எதனால் அவ்வாறு கூறுகின்றனர் என்று சொல்லுக.

இரு கட்டப் பயிற்சியை நீக்கியே ஆகவேண்டும் என்பதில்லை. வைத்துக்கொள்வதாயின் மூன்றாவது கட்டம் ஒன்று வேண்டும். ‘கேட்டறிய வேண்டும்’ என்று அதற்குத் தலைப்பிடலாம். பசுவுக்கு ஆறு கால் என்றவனும், காஞ்சியிலிருந்து எழுவர் வந்தனர் என்றவனும், ஊருக்குள் அயலார் உலவுகின்றனர் என்றவனும் அங்கே வந்து நிற்பர். ஆனால் கட்டம் வரைந்தால் மட்டும் போதாது. இன்றைய வினாத்தாள் முறையில் ‘இன்னும் தெரியவில்லை’ என்று எழுதிய மாணவனுக்குக் கிடைப்பது சுழியம். துணிந்து தவறாக எழுதியவனுக்கும் சுழியமே. ஆதலின் துணிதலையே அவன் கற்கின்றான். மூன்றாம் கட்டத்தில் பொருந்த இட்ட விடைக்கு முழு மதிப்பெண் உண்டு என்ற குறிப்பை, விடைத்தாள் திருத்துவோர்க்குரிய கையேட்டில் பயிற்சியோடு சேர்த்தே அச்சிடல் வேண்டும்.